கோலொடு நின்றான் கேட்கும்போது: அரசின்மைவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அரசின்மைவாதம் (அனார்க்கிசம்) பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம், விவசாயிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மறுமொழிகளுக்கு நான் மட்டுமே பொறுப்பு. இந்தச் சிந்தனை மரபின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அது தடுமாறும் இடங்களை நான் மறைக்கவில்லை.

அரசின்மைவாதம் என்பது அராஜகம்தானே?

"இது என்ன அராஜகம்" என்று நாம் சொல்லும்போது அடாவடியைக் குறிக்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்கு அரசன் இல்லாத நிலை என்பது மட்டுமே பொருள். அரசன் இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்ற மச்ச நியாயத்தைச் சொல்லிச் சொல்லியே, அரசன் இல்லாமையும் அடாவடியும் ஒன்று என்று பழைய அரசியல் நூல்கள் நம்ப வைத்துவிட்டன. ஐரோப்பாவிலும் 'ஆள்வோர் இல்லாத' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் நெடுங்காலம் வசையாகவே வழங்கியது. அச்சுத் தொழிலாளியாக இருந்த பியர் ஜோசப் புரூதோன் 1840இல் அந்த வசையையே தம் கொள்கையின் பெயராக ஏற்றுக்கொண்டார். பழைய சொல்லின் மீது படிந்த கறையை விலக்கவே இங்கே அரசின்மைவாதம் என்று எழுதுகிறேன். ஆள்வோர் என்று ஒருவரை மேலே வைக்காமலே மனிதர் ஒழுங்காகக் கூடி வாழ முடியும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை.

அரசுக்குக் கீழ்ப்படியும் கடமை இல்லை என்றால், கொலையும் களவும் செய்யலாமா?

கூடாது. சட்டம் தடுப்பதால்தான் கொலை தவறாகிறது என்று எண்ணினால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, கொலைக்கான தண்டனைப் பிரிவு 302இலிருந்து 103ஆக மாறியது. கொலை ஏன் கூடாது என்பதற்கான காரணத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்தக் காரணம் சட்டத்துக்கு முன்பே இருந்தது.

அரசின்மைவாதிகள் மறுப்பது வேறொன்றை. ஓர் ஆணையின் உள்ளடக்கம் சரியா தவறா என்று பாராமல், அது அரசின் ஆணை என்ற ஒரே காரணத்துக்காக அதற்குக் கீழ்ப்படியும் அறக்கடமை நமக்கு உண்டு என்ற கூற்றைத்தான் அவர்கள் மறுக்கிறார்கள். அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் பால் உல்ஃப் 1970இல் இதைக் கூர்மையாக எடுத்துரைத்தார்: தான் செய்வதற்குத் தானே பொறுப்பு என்பது மனிதனின் முதற்கடமை, 'அவர் சொன்னார், நான் செய்தேன்' என்று அந்தப் பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது அக்கடமையைக் கைவிடுவதாகும். இந்தக் கருத்தை ஏற்பவருக்குக் கடமைகள் குறைவதில்லை. தடியடி நடத்தச் சொன்ன மேலதிகாரியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் வசதிதான் இல்லாமல் போகிறது.

அதிகாரமே கூடாது என்கிறார்களா?

தமிழில் 'அதிகாரம்' என்ற ஒரே சொல், பணிய வைக்கும் வலுவையும் ஆணையிடும் உரிமையையும் சேர்த்தே குறிப்பதால் இங்கே குழப்பம் வருகிறது. வலு கண்ணுக்குத் தெரிவது. அந்த வலுவின் பின்னால் உரிமையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"வேலொடு நின்றான் இடுஎன் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு"

என்ற குறளைப் பள்ளியில் படித்திருப்போம். வேல் பிடித்த வழிப்பறிக்காரன் 'கொடு' என்பதும் கோல் பிடித்த அரசன் பொருள் கேட்பதும் ஒன்றே என்கிறது அது. வள்ளுவர் இதைக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார். அதற்கு முந்தையது செங்கோன்மை. நல்ல அரசனின் கோல் வேறு என்பது அவர் கருத்து. அரசின்மைவாதி அந்த வேறுபாட்டையே கேள்விக்கு உட்படுத்துகிறார்: கோல் நேராக இருப்பதால் அரசன் நல்லவன் ஆகலாம், ஆனால் என் இசைவின்றி என்னைப் பணிக்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

வழிகாட்டும் அதிகாரம் வேறு. செருப்பு விஷயத்தில் செருப்புத் தைப்பவரின் சொல்லை ஏற்பேன், ஆனால் அவர் அதை என்மீது திணிக்க விடமாட்டேன் என்ற பொருளில் ரஷ்ய அரசின்மைவாதி மிகயில் பக்கூனின் எழுதினார். நம் ஊரில், குறுவைக்கு எந்த நெல் ரகம் என்று அனுபவமுள்ள பெரியவரைக் கேட்டு நடக்கிறோம். கேட்பதும் விடுவதும் நம் கையில் இருக்கும்வரை அது அடக்குமுறை ஆகாது.

மேட்டூர் தண்ணீரையும் ரேஷன் அரிசியையும் வாங்கிக்கொண்டு கீழ்ப்படிய மறுப்பது நன்றிகேடு அல்லவா?

டெல்டாவில் இதைவிட அழுத்தமாகக் கேட்கப்படும் கேள்வி இல்லை. இதற்குள் மூன்று வாதங்கள் கலந்திருப்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இசைவு. நாட்டின் சாலையில் நடப்பதே ஆட்சிக்குத் தந்த மறைமுக இசைவு என்றார் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக். ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1748இல் அதற்குத் தந்த பதிலை இன்றுவரை எவரும் முறியடித்ததாக எனக்குத் தோன்றவில்லை: தூங்கும்போது தூக்கி வந்து கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவன், கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருப்பதால், மாலுமியின் ஆட்சிக்கு இசைந்தான் என்று சொல்ல முடியுமா? ஹியூம் அரசின்மைவாதி அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு வேலி நிலத்தில் பிறந்து அங்கேயே உழுது சாகும் ஒருவர், எந்தக் கப்பலிலிருந்து இறங்கி எங்கே போவார்?

இரண்டாவது, நியாயப் பங்கு. ஆங்கிலேயச் சட்ட மெய்யியலாளர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1955இல் சொன்ன இந்த வாதம்தான் எனக்கு வலுவானதாகப் படுகிறது. பலர் கூடி, தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஒரு பொதுக்காரியத்தை நடத்தும்போது, அதன் பயனைப் பெறுபவர் தம் பங்குச் சுமையையும் ஏற்க வேண்டும் என்கிறார் அவர். வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சும் எவருக்கும் இது விளங்கும். தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைக்கிறார், ஆகவே கடைமடைக்குத் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீரை வாங்கிய கடைமடைக்காரர் தூர்வாரும் நாளில் மண்வெட்டியோடு வராமல் இருந்தால் தவறுதான். அரசின்மைவாதி இதை முழுமனதோடு ஏற்பார். ஆனால் அந்தக் கடமை யாருக்கு உரியது என்று பாருங்கள். உடன் பாய்ச்சுபவர்களுக்கு. பயன் வந்து சேர்ந்தது என்பதற்காக, அந்தப் பயனோடு சம்பந்தமில்லாத எல்லா ஆணைகளுக்கும் பணியும் கடமை கூடவே வந்துவிடாது. கேளாமலே ஒருவர் மீது பயனைத் திணித்துவிட்டு விலை கேட்க முடியாது என்று அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974இல் இன்னொரு தடையையும் எழுப்பினார்.

மூன்றாவது, நன்றி. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்காக நாம் நன்றி சொல்ல வேண்டுமென்றால், கல் சுமந்தவர்களுக்கும், அணையால் ஊரை இழந்தவர்களுக்கும், வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12இல் தண்ணீர் வருமா என்று வானத்தையும் அணையின் நீர்மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நிலவரி கட்டி வந்த உழவர்களுக்கும் சொல்ல வேண்டும். நன்றி என்பது மனதில் வைத்துத் திருப்பிச் செய்வது. கீழ்ப்படிதல் அதன் ஒரே வடிவம் அல்ல.

அரசின்மைவாதிகள் அனைவருக்கும் ஒரே கருத்தா?

இல்லை. 1793இல் எழுதிய வில்லியம் காட்வின் தனிமனிதரின் அறிவுத் தீர்ப்பை நம்பினார். மாக்ஸ் ஸ்டிர்னர் கடமை என்ற சொல்லையே ஏற்கவில்லை. அவர் வழி எனக்கு உடன்பாடு அன்று. லியோ டால்ஸ்டாய் கிறிஸ்துவின் மலைச்சொற்பொழிவிலிருந்து அரச மறுப்புக்கு வந்தார். பியோத்தர் குரோப்பொட்கின் 1902இல் வெளியிட்ட நூலில், விலங்குகளும் மனிதரும் பிழைத்ததில் போட்டியைப் போலவே பரஸ்பர உதவிக்கும் பெரும் பங்கு உண்டு என்று சான்றுகளோடு காட்டினார். தமிழர்களுக்கு நெருக்கமான பெயர் எம்.பி.டி. ஆச்சாரியா. 1887இல் சென்னையில் பிறந்து, பாரதியாரோடு 'இந்தியா' இதழில் பணியாற்றி, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது உடனிருந்து, பிறகு அதிலிருந்து விலகி அரசின்மைவாதியாகவே 1954இல் மறைந்தார். நம் பாடநூல்களில் அவரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

ஆள்பவர் என்றால் அரசு மட்டும்தானா? பண்ணையும் சாதியும்?

அரசை மட்டும் எதிர்த்துவிட்டுப் பண்ணையையும் சாதியையும் பற்றி வாய் திறக்காதவரை, அவர் எத்தனை நூல் படித்திருந்தாலும், அரசின்மைவாதி என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. தஞ்சைச் சீமையில் பல நூற்றாண்டுகளாக மக்களை அன்றாடம் ஆண்டவர் தொலைவிலிருந்த மன்னர் அல்லர். பக்கத்து வீதியில் இருந்த மிராசுதார். அவர் கையில் நிலமும் தண்ணீரும் நெல் அளக்கும் மரக்காலும் இருந்தன.

1429இல், விஜயநகர ஆட்சிக் காலத்தில், கொறுக்கைக் கோயிலில் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. எப்போதும் தமக்குள் மோதிக்கொண்ட வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என்ற இரு சாதித் தொகுதிகளும் ஒன்றுகூடி, அரச அலுவலர்களும் அவர்களோடு கைகோத்த காணியாளர்களும் (நில உரிமை பெற்றவர்கள்) சுமத்திய அநியாய வரிகளுக்கு எதிராகத் தீர்மானம் செய்த செய்தியை அது சொல்கிறது. கோலும் காணியும் கைகோத்தே வரும் என்பதை அந்த மக்கள் எந்தக் கோட்பாட்டு நூலையும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

நிலக்கிழாரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும், சாணம் கரைத்த நீரைக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. எந்தச் சட்டப் புத்தகமும் அவற்றை விதிக்கவில்லை. 1943 முதல் பி. சீனிவாச ராவ் போன்றோர் கீழத்தஞ்சையில் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் அவற்றை நிறுத்தியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வுக்காகச் சங்கம் வைத்ததுதான் பின்னணி. அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அங்கே அரசு இருந்தது, காவல்துறை இருந்தது, நீதிமன்றமும் இருந்தது.

இதே வரலாற்றில் அரசின்மைவாதிக்கு உறுத்தும் ஒரு பக்கமும் உண்டு. பண்ணையாள்களை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்தது 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதாவது, அரசின் வலு மிராசுதாரின் வலுவுக்கு எதிராக நின்றது. போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திராது என்பது உண்மை. சட்டம் இல்லாமல் போராட்டத்தின் பயன் நிலைத்திராது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

எதிர்ப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்வது?

பிரெஞ்சு எழுத்தாளர் எத்தியேன் தெ லா போயெசி பதினாறாம் நூற்றாண்டிலேயே சொன்ன கருத்து இது: கொடுங்கோலனைத் தள்ளிவிட வேண்டியதில்லை, தாங்குவதை நிறுத்தினால் போதும். அவன் கண்களும் கைகளும் நாம் கொடுத்தவை.

இதன் பொருளை வேதாரண்யம் காட்டியது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் ஆணையிட்டிருந்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். யார் கொடுத்தார் என்று எந்தக் காவலர் எழுத முடியும்? வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி காவலர்களுக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்றார். பாதிச் சவரத்தில் நிறுத்தியவரை நீதிபதி மீதியை முடிக்கச் சொன்னபோது, "நீங்களே செய்துவிடுங்கள்" என்று சவரப் பெட்டியை நீட்டினார் என்று அவ்வூரில் சொல்வார்கள்.

அந்தப் பெட்டியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியம் அது. ஊரார் யார் கூப்பிட்டாலும் போயே ஆக வேண்டும் என்பது வழக்கம். போராட்டத்தின் தலைவர்கள் உப்பு அள்ளி அரசின் சட்டத்தை மீறினார்கள். வைரப்பன் கத்தியைக் கீழே வைத்தபோது, அரசு கேட்ட ஊழியத்தையும் சாதி கேட்ட ஊழியத்தையும் சேர்த்தே மறுத்தார்.

சட்டத்தை மீறுபவர் தண்டனையை ஏற்க வேண்டுமா?

காந்தி ஏற்க வேண்டும் என்றார். 1916இல் காசியில் ஆற்றிய உரையில், தாமும் ஓர் அராஜகவாதிதான், ஆனால் வேறு வகை என்று சொன்னவர் அவர். அரசமைப்புச் சட்டத்தில் சாதியைக் காக்கும் பிரிவுகளைக் கொளுத்துவதென்று 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூர் மாநாட்டில் பெரியார் அறிவித்தபோது, மூன்றாண்டு வரை சிறை என்ற புதிய சட்டத்தை மாநில அரசு அவசரமாகக் கொண்டுவந்தது. அதன் பிறகும் நவம்பர் 26 அன்று கொளுத்தி, ஏறக்குறைய 3,000 பேர் சிறை சென்றார்கள். பெரியார் அரசின்மைவாதி அல்லர். ஆயினும் தம் செயலை ஒளிக்காமல் நின்ற அந்த மனிதர்களின் துணிவு எந்த எதிர்ப்புக்கும் அளவுகோலாகும்.

அரசின்மைவாதியின் விடை சற்று மாறுபடும். தண்டிக்கும் உரிமை அரசுக்கு இருப்பதாக ஒப்புக்கொள்வதற்காகச் சிறை செல்ல வேண்டியதில்லை. அண்டை அயலாரின் மனச்சாட்சியோடு பேச அதுவே வழி என்றால் செல்லலாம்.

வன்முறையை ஆதரிக்கிறார்களா?

சிலர் ஆதரித்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. 1900இல் இத்தாலிய மன்னர் உம்பர்த்தோவையும் 1901இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியையும் கொன்றவர்கள் தம்மை அரசின்மைவாதிகள் என்றே சொன்னார்கள். அக்கொலைகளால் எந்த அரசும் சரியவில்லை. அடக்குமுறைச் சட்டங்கள்தாம் பெருகின. ஒருவரின் இசைவின்றி அவர்மீது வலுவைச் செலுத்தக் கூடாது என்பது கொள்கையானால், குண்டு அந்தக் கொள்கைக்கே எதிரானது. இந்த விஷயத்தில் நான் டால்ஸ்டாயின் பக்கம்.

கதிராமங்கலம் போன்ற போராட்டங்கள் அரசின்மைவாதப் போராட்டங்களா?

அல்ல. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை ஒட்டி எழுந்த போராட்டமும், அதே ஆண்டு நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக எழுந்த போராட்டமும் அரசிடம் பாதுகாப்பைக் கேட்டன. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அந்தக் கோரிக்கையின் பலன்களில் ஒன்று. மண்ணின் கீழே என்ன செய்வது என்பதை மேலே வாழ்பவர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும் என்ற அவர்களின் வாதத்தில் மட்டும் அரசின்மைவாதம் தன் குரலைக் கேட்கும்.

அரசு இல்லாமல் வாய்க்காலை யார் தூர்வாருவார்?

குடிமராமத்து என்ற சொல்லே இதற்கு விடை சொல்லும்: குடிகள் தாமே செய்யும் மராமத்து. ஆனால் அச்சொல்லின் வரலாறு இனிப்பானது மட்டும் அல்ல. 1858இல் சென்னை மாகாணத்துக்கு இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கமாக நடந்துவந்த அந்தக் கூட்டு உழைப்பை, மறுத்தால் தண்டனை என்று மாற்றியது. மனம் ஒப்பிச் செய்தது அன்றே கூலியில்லா வேலையாயிற்று. அதற்கு முன்பும் மண் சுமந்தவர் யார், கரையில் குடையோடு நின்றவர் யார் என்று கேட்டால் விடை சாதியில் போய் நிற்கும்.

ஆயினும் கூடிச் செய்ய முடியும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. ஸ்பெயினின் வாலென்சியாவில் எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் தண்ணீர் நீதிமன்றம், வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலய வாசலில் கூடி, வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. பல நூற்றாண்டுகளாக அது நீடிக்கிறது. இத்தகைய பொது ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றார்.

கண்ணால் கண்டதையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே என் தாய்மாமன் வீட்டில் இருந்தேன். விடிந்ததும் தெருவே தெரியவில்லை; தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ரம்பம் வைத்திருந்தவர் ரம்பத்தோடும், மற்றவர் அரிவாளோடும் இறங்கினார்கள். கோயில் அண்டா வெளியே வந்தது, வீட்டுக்கு வீடு படியரிசி வந்தது. குரோப்பொட்கின் எழுதியதை அன்று கண்ணால் பார்த்தேன். மூன்றாம் நாள் பகலில் அத்தை கேட்டார்: "காலனித் தெருவுக்கு யாரு சோறு கொண்டுபோனா?" ஒருவரும் போகவில்லை. குடிசைகள் மொத்தமாகப் போனது அந்தத் தெருவில்தான். அத்தையும் இரண்டு பையன்களும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் முதல் அந்தத் தெருப் பெண்களும் வந்து ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அதை விரும்பாமல் இரண்டு வீடுகள் அரிசி கொடுப்பதை நிறுத்தின. உதவிக்கு எல்லை வகுப்பதும் ஓர் ஆட்சிதான் என்று அன்று உணர்ந்தேன்.

ஊர் வாய்க்கால் சரி. காவிரிப் பிரச்சினையை அரசுகள் இல்லாமல் தீர்க்க முடியுமா?

இங்கேதான் அரசின்மைவாதத்தின் விடை மெலிகிறது. ஊருக்குள் முகம் பார்த்து முறை வைக்கலாம். குடகு முதல் பூம்புகார் வரை முகம் பார்க்க முடியாது. புரூதோன் சிறு அமைப்புகள் ஒப்பந்தத்தால் இணையும் கூட்டமைப்பை முன்வைத்தார். 2003இல் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் சந்தித்து, ஒருவர் வயலை ஒருவர் சென்று பார்த்தார்கள். அது நல்ல தொடக்கம். தண்ணீரைப் பங்கிடும் அளவுக்கு வளரவில்லை.

அதே நேரத்தில், 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018இல் உச்சநீதிமன்றம் சொன்ன அளவு ஆகிய அனைத்துக்கும் பிறகும், மழை குறைந்த ஆண்டில் கடைமடை காய்கிறது. ஆணை இருந்தும் தண்ணீர் வராத நிலையை டெல்டாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அரசுகள் தீர்த்துவிட்டன என்று சொல்பவரும் அரசு இல்லாவிட்டால் தீரும் என்று சொல்பவரும் எனக்கு ஒரே அளவு அவசரக்காரர்களாகத் தெரிகிறார்கள்.

அப்படியானால் வரி கட்டலாமா, வாக்களிக்கலாமா?

அடிமை முறையையும் மெக்சிகோ போரையும் எதிர்த்த அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தலைவரி கட்ட மறுத்து 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தார். ஆனால் சாலை வரியை அவர் மறுக்கவில்லை. நல்ல அண்டைவீட்டாராக இருக்க விரும்புவதாகக் காரணம் சொன்னார். ஆணை என்பதற்காக அல்ல, அந்தச் செயல் யாருக்கு உதவும், யாரைக் காயப்படுத்தும் என்று பார்த்து ஒவ்வொன்றையும் முடிவு செய்யலாம் என்பதே பெரும்பாலோரின் விடை.

வாக்களிப்பதில் அரசின்மைவாதிகளுக்குள் கடும் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பெயினில் அவர்களின் தொழிற்சங்கமே 1936இல் நான்கு அமைச்சர்களை அரசுக்கு அனுப்பியது. அந்த முடிவு பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நான் வாக்களிக்கிறேன். ஆனால் கிராமசபை கூடும் நாட்களில் ஊரில் இருக்கத் தவறுவதில்லை. சென்ற முறை, தூர்வாரிய செலவுக் கணக்கை முழுவதும் படிக்கச் சொல்லிக் கடைமடையிலிருந்து வந்த ஐந்து பெண்கள் எழுந்து நின்றார்கள். படித்து முடிக்கும்வரை உட்காரவில்லை.